காசு கொடுத்துத்தானே பார்க்கிறேன்?

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பெட்டி அது. கறுப்பு நிறம். முன்புறத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு நீல விளக்கு. அடியில் ஒட்டியிருந்த தாளில் ஒரு மாதிரி எண் மட்டும் அச்சாகியிருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. தொலைக்காட்சியோடு இணைத்து ரிமோட்டை அழுத்தியதும் திரை முழுக்கச் சேனல்கள் வரிசை கட்டி நின்றன. பெரியப்பா பட்டியலைக் கீழே நகர்த்திக்கொண்டே போனார். அது முடியவே இல்லை. எந்த நாட்டு விளையாட்டைக் கேட்டாலும் இருந்தது, எந்த மொழிப் படத்தைக் கேட்டாலும் இருந்தது. அந்த வாரம்தான் திரையரங்குகளுக்கு வந்திருந்த ஒரு படமும் இருந்தது.

"ஒரு வருடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டிவிட்டேன். ரசீதுகூடக் கொடுத்தான்," என்று மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். பெரியப்பா பணியில் இருந்த காலமெல்லாம் கணக்குத் தணிக்கை செய்தவர். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாகக் கோத்து வைப்பவர். பிறத்தியார் காசு ஒரு பைசா தன்னிடம் தங்கினாலும் அன்றைக்குத் தூங்கமாட்டார். அவர்தான் ரசீதை நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்:

"நீ இதெல்லாம் தெரிந்தவன். இது சட்டப்படி சரிதானே? காசு கொடுத்துத்தானே பார்க்கிறேன்?"

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "விற்பவனைத்தான் பிடிப்பார்கள் பெரியப்பா. பார்ப்பவரை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள்."

அவர் முகம் சுருங்கியது. "பிடிப்பார்களா என்று நான் கேட்கவில்லையே. சரியா என்றுதான் கேட்டேன்."

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல வாரங்கள் தீர்ப்புகளுக்கும் சட்டப் பிரிவுகளுக்கும் நடுவே உட்கார வைத்தது. இணையத்தில் தொலைக்காட்சி பார்க்கும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் வந்தே தீரும். நான் அவசரப்பட்டுச் சொன்னதுபோன்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதில் முழுப் பொய்யில்லை என்றாலும், கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'ஐபிடிவி' என்ற சொல் இன்று ஏதோ கள்ளச் சரக்கின் பெயரைப்போல ஆகிவிட்டது. உண்மையில் அது ஒரு வழிமுறையின் பெயர் மட்டுமே. கோபுரம், செயற்கைக்கோள், கேபிள் ஆகியவற்றின் வழியாக வந்த தொலைக்காட்சி, இணைய நெறிமுறையின் வழியாக வந்தால் அதுதான் ஐபிடிவி. முறையாக உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல நாடுகளில் இதே முறையில்தான் சேனல்களை வீடுகளுக்குக் கொடுக்கின்றன. பெட்டியும் அப்படித்தான்; அது ஒரு சிறு கணினி. 'கோடி' என்ற திறமூல மென்பொருளை, அதாவது யாரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளை, எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக எழுதப்பட்டு, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் கோடி ஆனது. நம்மிடம் உள்ள படங்களையும் பாடல்களையும் ஒழுங்காக அடுக்கிப் பார்ப்பதற்கான நல்ல கருவி. அதில் திருட்டு இணைப்புகளைத் திணித்து 'எல்லாம் ஏற்றிய பெட்டி' என்று விற்றவர்களால் அதை எழுதியவர்களுக்கு வந்த கெட்ட பெயர் கொஞ்சமல்ல. ஆகவே பெட்டியைப் பார்த்தோ தொழில்நுட்பத்தைப் பார்த்தோ எதையும் தீர்மானிக்க முடியாது. அந்தச் சேனலை நம்மிடம் கொண்டுவந்து தருபவருக்கு அதைத் தரும் உரிமை இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

சரி, அவருக்கு உரிமை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் என்ன ஆவார்?

பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படைக் கட்டுமானத்தில் 'பார்த்தல்' என்று ஒரு குற்றம் கிடையாது. நகலெடுப்பது, விநியோகிப்பது, பொதுவில் திரையிடுவது, பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பது ஆகியவைதான் படைப்பாளியின் அனுமதி தேவைப்படும் செயல்கள். அனுமதியில்லாமல் அச்சடித்த புத்தகம் ஒன்று கைக்கு வந்தால், அச்சடித்தவரும் விற்றவரும் உரிமையை மீறியவர்கள். அதைப் படித்தவர் படித்ததற்காக மீறியவர் ஆவதில்லை. கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் சட்டம் கட்டுப்படுத்தத் துணியவில்லை. வீட்டுக்குள் ஒருவர் எதைப் படிக்கிறார் என்று எட்டிப் பார்க்கும் சட்டம் எனக்கும் வேண்டாம்.

ஆனால் கணினி இந்த எளிய கோட்டைக் கலைத்துப் போட்டது. திரையில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சில விநாடிகளுக்கான தரவு முன்கூட்டியே நினைவகத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காட்சி நகர நகர, பழையது அழிகிறது, புதியது வருகிறது. பார்ப்பது என்ற செயலுக்குள்ளேயே நகலெடுப்பது ஒளிந்திருக்கிறது. இந்தக் கணநேரத் தங்கலையும் நகல் என்று எண்ண வேண்டுமா?

அமெரிக்காவில் 2008-இல் கேபிள்விஷன் என்ற கேபிள் தொலைக்காட்சி நிறுவனத்தின் மீதான வழக்கில் இந்த விநாடிக் கணக்கு நீதிமன்றத்துக்கே வந்தது. அந்த நிறுவனத்தின் கருவியில் தரவு 1.2 விநாடிக்கு மேல் தங்குவதில்லை. அவ்வளவு குறுகிய நேரம் இருந்து மறைவதை நகலாகக் கொள்ள முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஐரோப்பாவில் இதற்கென்றே 2001-ஆம் ஆண்டின் பதிப்புரிமை நெறியாணையில் ஒரு விலக்கு இருக்கிறது: தொழில்நுட்பத்தின் போக்கில் தானாக உண்டாகித் தானாக மறையும் தற்காலிக நகலுக்கு அனுமதி தேவையில்லை. இணையச் செய்திகளைத் திரட்டித் தரும் மெல்ட்வாட்டர் என்ற நிறுவனத்தின் சேவை தொடர்பான வழக்கில் 2014 ஜூன் 5-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதை உறுதி செய்தது. இணையப் பக்கத்தைப் படிக்கும்போது திரையிலும் இடைநினைவகத்திலும் உண்டாகும் நகல்களுக்காக யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்றது.

இத்தோடு நின்றிருந்தால் பெரியப்பாவுக்கு நான் சொன்ன பதில் ஓரளவு தேறியிருக்கும். நிற்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2017 ஏப்ரல் 26 அன்று, அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைச் சொன்னது. நெதர்லாந்தில் ஒருவர் 'ஃபில்ம்ஸ்பெலர்' என்ற பெயரில் பெட்டிகளை விற்றார். பெரியப்பாவின் பெட்டிக்கு அண்ணன் என்று சொல்லலாம். படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் இனிப் பணமே கட்ட வேண்டாம், திரையரங்குக்குப் போகவே வேண்டாம், நெட்ஃபிளிக்ஸின் காலம் முடிந்துவிட்டது என்று வெளிப்படையாக விளம்பரம் செய்தார். விற்றவர் உரிமையை மீறினார் என்றது நீதிமன்றம். அதில் வியப்பில்லை. பார்ப்பவர் பக்கமும் திரும்பியதுதான் முக்கியம். உரிமமில்லாத மூலத்திலிருந்து இப்படிப்பட்ட பெட்டியின் வழியே பார்க்கும்போது உண்டாகும் தற்காலிக நகலுக்கு அந்த விலக்கு கிடைக்காது என்று அது முடிவு செய்தது. காரணம், வாங்குபவர் நிலவரத்தை முழுக்க அறிந்தே, வேண்டுமென்றே அங்கே போகிறார்.

அந்த வழக்கில் எந்தப் பார்வையாளரும் தண்டிக்கப்படவில்லை. கூண்டில் நின்றவர் விற்பனையாளர் மட்டும்தான். ஆனால் 'ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் குற்றமே இல்லை' என்ற பழைய நம்பிக்கைக்கு ஐரோப்பாவில் அன்றோடு அடித்தளம் போனது.

'அறிந்தே' என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். அந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவின் ரசீதை மறுபடி பார்த்தேன். நெதர்லாந்துப் பெட்டிக்காரர் திருட்டை விளம்பரத்திலேயே அச்சடித்தார். அதைப் படித்து வாங்கியவர் தெரியாது என்று சொல்ல முடியாது. இங்கே விற்றவன் அப்படியா செய்தான்? சந்தா என்றான். ரசீது கொடுத்தான். புதுப்பிக்கும் தேதியைச் செய்தியாக அனுப்பினான். பழுதானால் அழைக்க ஓர் எண் கொடுத்தான். முறையான நிறுவனம் செய்யும் எல்லாவற்றையும் செய்தான்.

இலவசமாகக் கிடைக்கும் திருட்டுத் தளத்துக்குப் போகிறவருக்கு அடிமனத்தில் ஓர் உறுத்தல் இருக்கும். திடீர் திடீரென்று திறக்கும் ஆபாச விளம்பரங்களே அவருக்கு இடத்தின் லட்சணத்தைச் சொல்லிவிடும். காசு வாங்கும் திருட்டுக் கடையோ நேர்மையான மனிதர்களையே குறிவைக்கிறது. 'நான் யாரையும் ஏய்க்கவில்லை, கேட்ட பணத்தைக் கொடுத்தேன்' என்று அவர்களை நினைக்க வைக்கிறது. படம் எடுத்தவருக்கும் போட்டியை நடத்தியவருக்கும் போய்ச் சேர வேண்டிய பணத்தை, அதைக் கொடுக்கத் தயாராக இருந்த மனிதரிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. என் கோபமெல்லாம் இங்கேதான். பெரியப்பா பணம் கொடுக்க மறுத்தவர் அல்ல. கொடுத்த பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் அவரிடம் என்ன எதிர்பார்க்கிறது? தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. குறைந்தபட்சம், நியாயமாக யோசித்தால் தெரிந்திருக்கக்கூடியதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது? ஒளிபரப்பு உரிமை என்பது ஒரே துண்டாக விற்கப்படும் பொருளல்ல. நாடுவாரியாக, மொழிவாரியாக, கால அளவுவாரியாக, கருவிவாரியாகக்கூட நறுக்கி விற்கிறார்கள். 2022 ஜூனில் ஐபிஎல் கிரிக்கெட்டின் ஐந்தாண்டு உரிமைகள் ஏலம் போனபோது, இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமை டிஸ்னி ஸ்டாருக்கும் இணைய உரிமை வயாகாம்18-க்கும் தனித்தனியாகப் போயின. ஒரே பந்து, ஒரே அடி. கேபிளில் வந்தால் ஒருவருடைய சொத்து, கைப்பேசியில் வந்தால் இன்னொருவருடைய சொத்து. 2024-இல் அந்த இரண்டு தரப்பும் இணைந்துவிட்டன. இதையெல்லாம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர் கணக்கு வைத்துக்கொள்ள முடியுமா? உரிம ஒப்பந்தங்கள் பூட்டிய அறைக்குள் இருக்கின்றன. சேனல் பெயருக்குப் பக்கத்தில் 'இது இன்னாரிடமிருந்து இன்ன தேதிவரை பெற்ற உரிமை' என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

நிபுணர்களுக்கே இதில் தடுமாற்றம் இருந்திருக்கிறது. நியூயார்க்கில் 2012-இல் தொடங்கிய ஏரியோ என்ற சேவையின் கதை இது. காற்றில் இலவசமாக வரும் உள்ளூர் ஒளிபரப்பைப் பிடிக்க, ஒரு சிறு நாணயத்தின் அளவே உள்ள ஆன்டெனாக்களை ஆயிரக்கணக்கில் நட்டு வைத்தார்கள். சந்தாதாரர் ஒரு நிகழ்ச்சியைக் கேட்டால் அவருக்கென்றே ஓர் ஆன்டெனா ஒதுக்கி, அவருக்கென்றே ஒரு நகல் எடுத்து அனுப்பினார்கள். 'ஆளுக்கு ஓர் ஆன்டெனா வாடகைக்குக் கொடுக்கிறோம், இது பொது ஒளிபரப்பு ஆகாது' என்பது அவர்கள் வாதம். முதல் நீதிமன்றம் சேவைக்குத் தடை விதிக்க மறுத்தது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சரியென்றது. 2014 ஜூன் 25-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தலைகீழாகப் புரட்டியது: இது கேபிள் நிறுவனம் செய்யும் அதே வேலை, அனுமதியில்லாமல் செய்யக் கூடாது. அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் திவாலானது. மூன்று நீதிபதிகள் மாறுபட்ட ஒரு விஷயத்தை, மாதச் சந்தா கட்டிய ஒரு குடும்பத் தலைவி முன்பே அறிந்திருக்க வேண்டுமா? அந்தச் சந்தாதாரர்கள் மீது யாரும் வழக்குப் போடவில்லை. போடாததுதான் நியாயம்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்த நியாயம் நடக்கவில்லை. ஜெர்மனியில் 2013 டிசம்பரில், வயது வந்தோருக்கான ஒரு காணொளித் தளத்தைப் பார்த்ததாகச் சொல்லி, பல்லாயிரம் வீடுகளுக்கு வக்கீல் கடிதங்கள் போயின. ஆளுக்கு 250 யூரோ கட்டி விவகாரத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்பது கடிதத்தின் சாரம். கொலோன் நீதிமன்றத்தில், ஏதோ கோப்புப் பகிர்வு நடந்ததுபோன்ற தோற்றத்தை உண்டாக்கி முகவரிகளை வாங்கியிருந்தார்கள். கடிதம் வந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மனைவிக்குத் தெரியாமல், பிள்ளைகளுக்குத் தெரியாமல், அவமானத்துக்கு அஞ்சிப் பணத்தைக் கட்டியவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்த மாதமே நீதிமன்றம் முகவரிகளைக் கொடுத்தது தவறு என்றது. வெறுமனே ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பது உரிமை மீறல் அல்ல என்பதே தங்கள் கருத்து என்று அரசும் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மக்களுக்குச் சட்டம் தெரியாமல் இருப்பது எந்த அளவுக்கு ஒரு வியாபாரமாக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவிலும் இதன் சாயல் ஒன்று இருந்தது. நீதிமன்ற உத்தரவால் முடக்கப்பட்ட தளங்களுக்குப் போனால், இதைப் பார்ப்பதே தண்டனைக்குரிய குற்றம் என்ற எச்சரிக்கை திரையில் வரும். 2016 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் அந்த வாசகத்தைக் கையில் எடுத்தார். குற்றம் பார்ப்பதில் இல்லை. அனுமதியின்றி விநியோகிப்பதிலும் பொதுவில் காட்டுவதிலும் விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும்தான் இருக்கிறது என்று தெளிவுபடுத்தி, வாசகத்தை மாற்றச் சொன்னார். 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டமும் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பவரையும் அதைப் பரப்புபவரையும்தான் குறிவைக்கிறது. மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதம் என்று தண்டனையும் கடுமையானது.

அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வந்த சட்டமும் திருட்டு ஸ்ட்ரீமிங் சேவையை நடத்துபவருக்கு மட்டுமே பெருங்குற்றத் தண்டனை வைக்கிறது, சந்தாதாரரைத் தொடவில்லை. ஜப்பான் 2012 அக்டோபர் முதல், திருட்டென்று தெரிந்தே படத்தையோ இசையையோ பதிவிறக்குவதைத் தனிமனிதருக்கும் குற்றமாக்கியது. அங்கேயும் பதிவிறக்காமல் பார்ப்பதை விட்டுவைத்தார்கள். பதிவிறக்கம் என்பது எங்குமே வேறு கணக்கு: அது தங்கும் நகல். ஒரு கோப்பைப் பலர் துண்டு துண்டாகத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் டொரென்ட் என்றால் இன்னும் மோசம், நாம் இறக்கிக்கொண்டிருக்கும்போதே நம் கணினி மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. பார்வையாளராகத் தொடங்கியவர் தனக்குத் தெரியாமலே விநியோகஸ்தர் ஆகிவிடுகிறார்.

இத்தாலி இவர்களுக்கு நேரெதிர். 2023-ஆம் ஆண்டின் 93-ஆம் எண் சட்டம் பார்ப்பவர்மீதும் 5,000 யூரோ வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. கூடவே வந்த 'பைரசி ஷீல்டு' அமைப்பு, புகார் வந்த முப்பது நிமிடத்துக்குள் முகவரியை முடக்கச் சொல்கிறது. அந்த வேகத்தில் 2024 அக்டோபரில் கூகுள் டிரைவின் ஒரு பகுதியே முடங்கிப்போய், எந்தத் தவறும் செய்யாதவர்கள் தங்கள் கோப்புகளை எடுக்க முடியாமல் நின்றார்கள். முப்பது நிமிடத்தில் யாரும் எதையும் சரிபார்க்க முடியாது என்பது என் கருத்து.

பிரிட்டனில் மோசடிச் சட்டத்தின் வழியாக வருகிறார்கள். கட்டணம் கட்ட வேண்டிய சேவையை நேர்மையின்றிப் பெறுவது 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தில் குற்றம். 2023 மே மாதத்தில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குப் பிரீமியர் லீக் கால்பந்தைத் திருட்டுத்தனமாக விற்ற ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. தலைமை வகித்தவருக்கு 11 ஆண்டுகள். ஐவருக்கும் சேர்த்து முப்பது ஆண்டுகளுக்கு மேல். செய்திகளில் இந்த எண்கள்தான் பெரிதாக வந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு மூலையில் இருந்தது: அந்த ஐவரில் ஒருவர், விற்றதற்காக மட்டுமல்லாமல், அந்தத் திருட்டு ஒளிபரப்பைத் தானே பார்த்ததற்காகவும் தனியாகக் குற்றவாளியாக்கப்பட்டார். அதே நாட்டில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. உரிமம் பெற்ற சேனலையே ஆனாலும், நேரலையில் பார்க்கத் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். 2016 செப்டம்பரிலிருந்து பிபிசியின் இணையச் சேவைக்கும் அது பொருந்தும். சேனல் சுத்தமாக இருந்தும் பார்ப்பவர் தவறு செய்தவராகலாம்.

இவற்றையெல்லாம் பெரியப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "ஆக, நாட்டுக்கு நாடு மாறுகிறது. எனக்குத் தெரிந்ததா தெரியாததா என்பதைப் பொறுத்தும் மாறுகிறது," என்றார். ஆமாம் என்றேன். "நேற்றுவரை எனக்குத் தெரியாது. இன்றைக்கு நீ சொல்லிவிட்டாய்." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியை முதல்முதலாக அமைத்தபோது என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டேன். விற்றவன் கைப்பேசியில் சொல்லச் சொல்ல, அமைப்புகளுக்குள் போய், அறியாத மூலங்களிலிருந்து செயலிகளை நிறுவ அனுமதி கொடுத்தாராம். கூகுளின் பாதுகாப்புச் சோதனையை அணைத்தாராம். "அதை அணைத்தால்தான் வேலை செய்யும் என்றான்." கேட்டதும் எனக்குத் திக்கென்றது. வீட்டு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தொலைக்காட்சி அணைந்திருந்த பின்னிரவு நேரத்திலும் பெட்டியின் பெயருக்கு எதிரே தரவு வெளியே போய்க்கொண்டிருந்தது. படம் பார்க்கும் கருவிக்குத் தரவு உள்ளே வர வேண்டும். வெளியே அனுப்ப அதனிடம் என்ன இருக்கிறது? பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் ஏறியது.

பேட்பாக்ஸ் என்ற பெயரை அப்போதுதான் தேடிப் படித்தேன். தயாரிப்பின்போதோ முதல்முறை அமைக்கும்போதோ தீய நிரல் புகுந்த மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளின் வலையமைப்பு அது. 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அதில் சொன்ன அடையாளங்களில் ஒன்று, பாதுகாப்புச் சோதனையை அணைக்கச் சொல்வது. அடுத்த மாதம் அதை நடத்துபவர்கள்மீது வழக்குத் தொடுத்த கூகுள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் அதில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. இப்படிப்பட்ட பெட்டிகளின் வேலைகளில் ஒன்று, முகம் தெரியாத யாரோ ஒருவரின் இணையப் போக்குவரத்தை நம் வீட்டு முகவரி வழியாகக் கடத்தி விடுவது. அவர் செய்யும் மோசடி நம் வீட்டிலிருந்து செய்ததாகத் தெரியும். பார்ப்பது குற்றமா இல்லையா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும்போது, செய்யாத குற்றத்துக்கான தடயம் நம் வாசலில் வந்து நிற்கும். பெரியப்பாவின் பெட்டியில் நடந்தது அதுதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றிரவே மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

நாம் வேறு நாட்டில் இருப்பதுபோல இணையத்துக்குக் காட்டும் விபிஎன் பற்றியும் கடவுச்சொல்லைப் பகிர்வது பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். முறையான சந்தாவை வைத்துக்கொண்டு வேறு நாட்டுப் பட்டியலைப் பார்க்க விபிஎன் போடுவது, அநேகமாக ஒப்பந்த மீறல். சேவை நம்மை நீக்கலாம். வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் பெரும்பாலும் அந்த வகைதான். இவற்றைத் திருட்டுப் பெட்டியோடு ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. பணம் கட்டியவர் எல்லை தாண்டியதும் சந்தா செல்லாக்காசாவது நியாயமில்லை என்பதை ஐரோப்பிய ஒன்றியமே ஏற்றுக்கொண்டது. 2018 ஏப்ரல் முதல், சந்தாதாரர் அதன் வேறொரு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனாலும் சொந்த நாட்டுச் சேவை கூடவே வர வேண்டும் என்பது அங்கே விதி.

எனக்கு வேண்டியது இன்னொன்று. உரிமம் பெற்றவர் யார் என்பதைச் சாதாரண மனிதர் நொடியில் சரிபார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகம் 'அகோரடேகா' என்ற பெயரில் முறையான சேவைகளைத் தேடிப் பார்க்க ஒரு தளம் நடத்துகிறது. நல்ல தொடக்கம். ஆனால் சேனல் வாரியாக, போட்டி வாரியாக, நாடு வாரியாக இன்றைய தேதியில் உரிமை யார் கையில் என்று சொல்லும் பதிவேடுதான் தேவை. நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோம், பதிவேடு இருப்பதால் பார்க்க முடிகிறது. கோடிக்கணக்கில் ஏலம் எடுத்த உரிமையை அந்த நிறுவனம் பெருமையோடு பதிவேட்டில் எழுதி வைக்கட்டும். அது இல்லாமல் 'தெரிந்திருக்க வேண்டும்' என்று பார்ப்பவரிடம் சொல்வது, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்து நடக்கச் சொல்வதற்குச் சமம்.

அதுவரை என் கண்ணில் படும் அடையாளங்கள் சில உண்டு. போட்டியை நடத்தும் அமைப்பின் சொந்தத் தளத்தில் அந்த நாட்டுக்கான ஒளிபரப்பாளர் பெயர் பெரும்பாலும் இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒன்றோடொன்று போட்டி போடும் நிறுவனங்களின் சேனல்கள் எல்லாம் ஒரே சந்தாவில், அவற்றில் ஒன்றின் கட்டணத்தைவிடக் குறைவாகக் கிடைத்தால் அந்தக் கணக்கு எங்கேயும் இடிக்கும். தணிக்கையாளருக்கு இதை நான் விளக்க வேண்டியதே இருக்கவில்லை. ரசீதைத் திருப்பிப் பார்த்த பெரியப்பா, "இதில் நிறுவனத்தின் பதிவு எண் இல்லை. வரி எண்ணும் இல்லை. முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்," என்றார். முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் ரசீதில் தேடியதைத் தன் ரசீதில் தேடத் தவறிவிட்டோம் என்பது அவரை மிகவும் வருத்தியது.

மறுநாள் காலையில் போனபோது பெட்டி அதன் அட்டைக்குள் இருந்தது. பக்கத்தில் அவருடைய குறிப்பேடு திறந்திருந்தது. நான்கு பெயர்கள், நான்கு தொலைபேசி எண்கள். இந்தப் பெட்டி நன்றாக இருக்கிறது, வாங்குங்கள் என்று அவர் சொல்லி வாங்கிய நண்பர்கள். விற்றவனின் எண்ணையும் அவர்களுக்கு அவர்தான் கொடுத்திருக்கிறார்.

"நான் பார்த்தது ஒருபக்கம் இருக்கட்டும். இவர்களுக்கு நான்தானே சொன்னேன்?" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும், என்னை அருகில் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார்.